பழத்தோலை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலுமிச்சை பிழிந்த மூடி, ஆரஞ்சு உரித்த தோல், மாதுளை ஓடு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதி என்று எல்லா வீட்டிலும் தினம் ஏதாவது மிஞ்சுகிறது. இவற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் குறிப்புகளில் பாதி நல்லவை, பாதி ஆபத்தானவை. எதை நம்பலாம், எதை விட வேண்டும் என்று நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். என் கருத்து இதுதான்: தின்னக்கூடிய தோலை முதலில் தின்ன வேண்டும். புளிப்புள்ளதைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம். மீதி மண்ணுக்குப் போகட்டும். முகத்துக்கும் மருந்துக்கும் என்று எடுக்கும்போதுதான் நிறைய யோசிக்க வேண்டும்.

தோலில்தான் பூச்சிமருந்து இருக்கும் என்கிறார்களே, அதைச் சாப்பிடலாமா?

நியாயமான பயம். தெளிக்கும் மருந்து முதலில் படிவது தோலில்தான். ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் கணிசமான பகுதி போய்விடும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்து ஒரு சோதனை செய்து 2017இல் வெளியிட்டார்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் சுமார் 15 நிமிடம் ஊறவைத்தபோது, அவர்கள் தடவியிருந்த 2 மருந்துகளும் மேற்பரப்பிலிருந்து நீங்கிவிட்டன. ஆனால் தோலுக்குள் இறங்கிவிட்ட பகுதி அப்படியேதான் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சோடா, அதாவது ஏறக்குறைய 2 தேக்கரண்டி.

அதனால் ஊறவைத்துக் கழுவுங்கள், ஆனால் கழுவியதாலேயே முழுக்கச் சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பளபளவென்று மெழுகு பூசிய ஆப்பிளின் தோலை நான் சமையலுக்கு எடுப்பதில்லை. வீட்டுத் தோட்டத்து எலுமிச்சை, தெரிந்தவர் தோட்டத்திலிருந்து வந்த நார்த்தங்காய் என்றால் கவலையே இல்லை.

ஆரஞ்சுத் தோல் கசக்குமே, அதில் என்ன சமைப்பது?

புளிக்குழம்பு வைக்கலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல வீடுகளில் பழகிய பதார்த்தம் இது. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

தோல் தளர்வாக உரியும் கமலா ஆரஞ்சு, நாக்பூர் ஆரஞ்சு இவைதான் சரி. உள்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வைக் கரண்டி முனையால் சுரண்டி எடுத்துவிடுங்கள், கசப்பில் பெரும்பகுதி அதில்தான். தோலைப் பொடியாக நறுக்கி, உப்பு போட்ட தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் வழக்கமான வேலைதான். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, கீறிய பச்சை மிளகாயையும் தோலையும் போட்டு, தோல் சுருங்கும் வரை வதக்க வேண்டும். கெட்டியான புளிக்கரைசல், மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் குழம்புப்பொடி சேர்த்துக் கொதிக்க விட்டு, எண்ணெய் பிரிந்து வரும்போது வெல்லம் ஒரு துண்டு போட்டு இறக்குங்கள். வெல்லத்தில் கஞ்சத்தனம் கூடாது. கசப்பை அடக்குவது அதுதான். செய்த அன்றைவிட மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

சத்து என்று பார்த்தால், 100 கிராம் பச்சை ஆரஞ்சுத் தோலில் வைட்டமின் சி சுமார் 136 மில்லிகிராம். சுளையில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நார்ச்சத்தும் 10 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் நாம் ஒரு வேளைக்குச் சாப்பிடுவது ஒரு தேக்கரண்டி தோல், அதுவும் கொதித்தது. வைட்டமின் சி சூட்டில் குறைந்துவிடும். ருசிக்காகச் சாப்பிடுங்கள், வைட்டமினுக்குச் சுளை இருக்கிறது.

உலகத்தில் நாம் மட்டும் இப்படிச் சாப்பிடவில்லை. சீனாவில் குவாங்டாங் மாகாணத்து ஷின்ஹுய் என்ற ஊரின் ஆரஞ்சுத் தோலுக்குத் தனி மதிப்பு. உலர்த்தி 3 ஆண்டுகளாவது பழையதாக்கி, சூப்பிலும் தேநீரிலும் போடுகிறார்கள். மெக்சிகோவில் அன்னாசித் தோலை வெல்லம் போன்ற சர்க்கரையோடு புளிக்கவைத்து ‘தெபாச்சே’ என்று குடிக்கிறார்கள். நம் நார்த்தங்காய் ஊறுகாயே தோலோடு சாப்பிடுவதுதானே. கன்னியாகுமரி மாவட்டத்து மீன்குழம்பில் விழும் குடம்புளியும் ஒரு பழத்தின் உலர்ந்த தோல்பகுதிதான்.

தர்பூசணியின் வெள்ளைப் பகுதி?

தூக்கிப் போடவே கூடாது. வெளியில் உள்ள பச்சைத் தோலை மட்டும் சீவிவிட்டால் மீதி முழுக்கக் காய்தான். சுரைக்காய் மாதிரி இருக்கும். பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்துவிட்டால் நல்ல கூட்டு. மங்களூர்ப் பக்கம் ஊறவைத்த அரிசியோடு அரைத்துத் தோசை வார்க்கிறார்கள், பஞ்சு போல வரும்.

வாழைத் தோல்?

வாழைக்காய்த் தோல் என்றால் துவையல். பொடியாக நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, தேங்காயோடு வதக்கி அரைக்க வேண்டும். பஜ்ஜி போடும் நாளில் இதைச் செய்யாமல் விடுவது வீண். பழுத்த பழத்தின் தோலைச் சமைப்பவர்களும் உண்டு, எனக்கு அதன் நார் பிடிக்கவில்லை. அதைச் செடிக்கு வைத்துக்கொள்கிறேன்.

பிழிந்த எலுமிச்சை மூடியில் பாத்திரம் தேய்க்கலாமா?

இதற்கு நிகரான பொருள் அடுப்படியில் புளி ஒன்றுதான். பித்தளையும் செம்பும் கறுப்பது மேலே படியும் ஆக்சைடால். அமிலம் பட்டால் அது கரைந்துவிடும். மூடியில் கல் உப்பைத் தொட்டுக்கொண்டு குத்துவிளக்கையோ சொம்பையோ தேயுங்கள், கண்ணெதிரிலேயே நிறம் மாறும். ஆனால் தேய்த்தவுடன் நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். உப்பும் புளிப்பும் தங்கிவிட்டால் பச்சை பூத்துவிடும். செப்புக் குடத்தின் உள்பக்கம் தேய்த்தால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். எலுமிச்சைச் சாற்றைச் செம்பிலும் பித்தளையிலும் ஊற்றி வைக்கவே கூடாது, உலோகம் கரைந்து இறங்கும்.

இட்லிப் பானை, அலுமினியக் குக்கர் இவற்றின் அடிப்பகுதி கறுப்பது எல்லா வீட்டுக் கவலை. அடியில் ஊற்றும் தண்ணீரில் ஒரு எலுமிச்சை மூடியைப் போட்டுவிட்டால் போதும், கறுக்காது. உப்புத்தண்ணீர் கொதிக்கும்போது அலுமினியத்தில் படியும் கறுப்பை அந்தச் சிறு புளிப்பு தடுத்துவிடுகிறது. ஏற்கெனவே கறுத்திருந்தால் தண்ணீர் நிரப்பி நாலைந்து மூடி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயிலும் வாளியிலும் வெள்ளையாகக் கறை படியுமே, அது சுண்ணாம்பு. அதையும் எலுமிச்சை கரைக்கும். குழாய் முனையில் மூடியைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டு அரைமணி நேரம் விட்டுத் தேய்த்தால் சல்லடை அடைப்பும் விலகும்.

இரும்புத் தோசைக்கல், இரும்புச் சட்டி, இவற்றின் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். பழகிப் பதமான எண்ணெய்ப் பூச்சு போய்த் துருப்பிடிக்கும்.

கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றிய மூடிகளையும் பயன்படுத்தலாமா?

வெள்ளி, செவ்வாய் ராகு காலத்தில் துர்க்கை சந்நிதியில் மூடியைத் திருப்பி, நெய் ஊற்றி ஏற்றுகிறோம். எரிந்த மூடியில் நெய்யும் கரியும் ஏறியிருக்கும், பாத்திரத்துக்கு ஆகாது. செடிகொடிகள் உள்ள கோயில்களில் அவற்றை எண்ணெய்த் திரி நீக்கி உரக்குழியில் சேர்க்கலாம். வீட்டில் விளக்குக்குப் பிழிந்த சாற்றை வீணாக்காமல் ஒரு சாதமோ ஜூஸோ செய்துவிடுங்கள்.

பயோ என்சைம் உண்மையிலேயே வேலை செய்யுமா? எப்படிச் செய்வது?

பழத்தோலை வெல்லத்தோடு புளிக்கவைத்து, வீடு துடைக்க எடுக்கும் திரவம்தான் பயோ என்சைம். வேலை செய்யும், ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் என்பவர் பரப்பிய முறை இது. அளவு 1:3:10. வெல்லம் 100 கிராம், பழத்தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மேலே காலி இடம் விட்டு மூடி, 90 நாள் வைக்க வேண்டும். முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். மறந்தால் பாட்டில் உப்பி வெடிக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, அன்னாசி, இவை நல்ல வாசனை தரும். வெல்லம் கறுத்த, மலிவான வகையே போதும்.

உள்ளே நடப்பது எளிமையானது. ஈஸ்ட் வெல்லத்தைச் சாராயமாக்கும், பாக்டீரியா அதை வினிகராக்கும். கடைசியில் கிடைப்பது தோலின் எண்ணெய் வாசம் ஏறிய ஒரு புளிப்புத் தண்ணீர். மேலே வெள்ளையாகப் படலம் வந்தால் பரவாயில்லை. கறுப்பு, பச்சைப் பூசணமும் அழுகல் நாற்றமும் வந்தால் கொட்டிவிடுங்கள். வடிகட்டிய தண்ணீரை ஒரு வாளிக்கு ஒரு பாட்டில் மூடி அளவு கலந்து தரை துடைக்கலாம். சிங்க், கழிவறைக் கறைக்கு அப்படியே ஊற்றலாம்.

மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, இது கிருமிநாசினி இல்லை. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் தகுந்த கிருமிநாசினியால்தான் துடைக்க வேண்டும். இரண்டு, பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் கலந்த திரவத்தோடும் இதைச் சேர்க்கவே கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மூன்று, குடிக்கக் கூடாது. உடம்புக்கு நல்லது என்று சிலர் குடிக்கச் சொல்கிறார்கள், கேட்காதீர்கள்.

மார்பிள் தரைக்கு ஊற்றலாமா?

கூடாது. மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்ட இடம் மங்கி, திட்டாகிவிடும், துடைத்தால் போகாது. செராமிக் டைல்ஸ் என்றால் தயங்க வேண்டாம்.

தோலை எப்படி உலர்த்தினால் பூஞ்சை பிடிக்காது?

சின்னத் துண்டாக்கி, முறத்திலோ வெள்ளைத் துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். முதல் நாள் நல்ல வெயில், பிறகு நிழலில் காற்றாட வைத்தால் வாசம் தங்கும். கையால் ஒடித்தால் ‘பட்’டென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அரைத்து டப்பாவில் போட்டால் சில நாட்களில் பூசணம் வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் ஆரம்பிக்காதீர்கள்.

ஆரஞ்சுத் தோல் பொடி முகத்தை வெளுப்பாக்குமா?

ஆக்காது. நம் நிறத்தை மாற்றும் சக்தி எந்தத் தோலுக்கும் கிடையாது, மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. குளியல் பொடியில் பச்சைப்பயறு, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூவோடு ஒரு பங்காக ஆரஞ்சுத் தோல் சேர்ப்பது பழைய வழக்கம். எண்ணெய்ப் பசை நீங்கும், மணம் இருக்கும். உடம்புக்குத் தேய்த்துக் குளிக்க அது நல்ல பொருள்தான். முகத்துக்கு என்றால் மாவாகச் சலித்தது மட்டும் போடுங்கள். கரகரவென்று இருப்பதைத் தேய்த்தால் தோலில் கீறல் விழும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். அது காற்றுபட்டுப் பழசாகும்போது சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

எலுமிச்சை மூடியை முகத்தில் தேய்ப்பதைத்தான் நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். சாற்றின் புளிப்பு ஒருபுறம் எரிக்கும். நம் எலுமிச்சைத் தோலில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள் அதைவிட மோசம். அது படிந்த இடத்தில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து கொப்பளித்து, கறுப்புத் தழும்பு விழும். அந்தக் கறுப்பு மறைய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். வெளுப்பு தேடிப் போனவருக்குக் கறுப்புத் திட்டு மிஞ்சுகிறது. வெயிலில் உட்கார்ந்து நிறைய எலுமிச்சை பிழிபவர்களும் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

வாழைப்பழத் தோல், எலுமிச்சைத் தோலால் பல் வெளுக்குமா?

வாழைப்பழத் தோலால் தீமையும் இல்லை, பலனும் இல்லை. எலுமிச்சையால் தீமை உண்டு. பல்லின் எனாமல் புளிப்பில் கரையும், கரைந்தது வளராது. முதல் தடவை பளிச்சென்று தெரிவது, மேல்பூச்சு அரிக்கப்பட்டதால்.

மாதுளை ஓடு வயிற்றுப்போக்குக்கு மருந்தா?

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வெகுகாலமாகப் பயன்படுவது. ஓட்டில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிக அதிகம், அதனால்தான் பேதிக்கு மருந்து என்று பெயர் வாங்கியது. ஆனால் பேதியில் உயிரைப் பறிப்பது நீர்ச்சத்து இழப்பு. முதலில் கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல். குழந்தைக்குக் கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ கஷாயம் காய்ச்சி நேரம் போக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள் தாமாக எடுக்க வேண்டாம். சித்த மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் எடுப்பது வேறு விஷயம்.

மாதுளை ஓட்டின் உண்மையான மகிமை சாயத்தில் இருக்கிறது. இயற்கைச் சாயம் போடுபவர்கள் மூட்டை மூட்டையாக வாங்குவது இதைத்தான். உலர்ந்த ஓட்டைத் துணியின் எடைக்குச் சமமாக எடுத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். நன்றாகத் துவைத்த பருத்தித் துணியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு இந்தச் சாற்றில் மிதமான சூட்டில் வைத்தால் அழகான மஞ்சள் ஏறும். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டால் அதே மஞ்சள் பாசிநிறமாக, சாம்பலாக மாறிப் போகும். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் பிள்ளைகளோடு செய்துபாருங்கள். கையுறை போடுங்கள், நகத்தில் ஏறினால் லேசில் போகாது.

மாம்பழத் தோல் பட்டால் சிலருக்கு வாய் புண்ணாகிறதே, ஏன்?

மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். காம்பில் வடியும் பாலிலும் தோலிலும் சருமத்தைத் தாக்கும் பொருள் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் தோலைச் சப்பாமல், வேறு யாரையாவது சீவச் சொல்லிச் சாப்பிடுவது நல்லது. மற்றவர்கள் காம்புப் பக்கத்தைக் கீழே பார்த்துச் சாய்த்துப் பாலை வடித்து, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் போதும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை. ஆனாலும் சந்தேகமுள்ள பழத்தின் தோலை எதற்கும் எடுக்க வேண்டாம்.

உலர்ந்த ஆரஞ்சுத் தோலை எரித்தால் கொசு போகுமா?

புகை இருக்கும் வரை கொஞ்சம் விலகும். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எந்தப் புகையும் வேண்டாம். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்பக்கத் தட்டு, மாடியில் கிடக்கும் டயர் இவற்றை வாரம் ஒருமுறை காலி செய்வதுதான் வேலை செய்யும்.

செடிக்கு வாழைத்தோல் ஊறிய தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், கொஞ்சம் பொட்டாசியம் இறங்கும். ஆனால் பெரும்பகுதிச் சத்து, தோல் மட்கினால்தான் வெளியே வரும். நாள்கணக்கில் ஊறவைத்தால் நாற்றமும் ஈயும் வரும். துண்டு துண்டாக்கி, ரோஜாத் தொட்டியில் வேரைச் சீண்டாமல் ஓரமாகப் புதைத்து மண்ணால் மூடுவது மேல். தழைச்சத்து இதில் குறைவு, அதனால் இதை மட்டுமே நம்பினால் செடி வெளிறும். தொழு உரமும் வேண்டும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை உரத்தில் போடக் கூடாதாமே?

மண்புழுத் தொட்டியில் அதிகம் போடக் கூடாது. தோல் எண்ணெயும் புளிப்பும் புழுவுக்கு ஆகாது. சாதாரண உரக்குழியில் தாராளமாகப் போடலாம். பொடியாக நறுக்கி, காய்ந்த இலையோ தேங்காய் நாரோ சரிபாதிக்குக் கலந்தால் போதும், மட்கக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவே.

இதற்குக் கோஸ்டாரிகாவில் நடந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும். 1990களில் டெல் ஓரோ என்ற ஆரஞ்சுச் சாறு நிறுவனம், டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியல் தம்பதியின் யோசனைப்படி, குவானகாஸ்தே காட்டுப் பகுதியில் மேய்ந்து பாழான நிலத்தில் 12,000 டன் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் கொட்டியது. சுமார் 1,000 லாரி. போட்டி நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டுத் திட்டத்தை நிறுத்திவிட்டது. கொட்டியது கொட்டியபடி கிடந்தது. 16 ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் போய் அளந்தபோது, பக்கத்து நிலத்தைவிட அங்கே தரைக்கு மேலே உள்ள மரங்களின் மொத்த எடை (உயிர்ப்பொருள்) 176 சதவீதம் கூடியிருந்தது. அடர்ந்த காடாக நின்றது. ஆரஞ்சுத் தோல் மண்ணைக் கெடுக்கும் என்ற பேச்சை இதற்குப் பிறகு யாரும் நம்ப வேண்டியதில்லை.

நம் பக்கம் இதே தோல்கள் மற்ற குப்பையோடு கலந்து சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போய், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகின்றன. வீட்டில் உரம் போட இடமில்லாதவர்கள் மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுத்தாலே பெரிய உதவி. நம் நாட்டின் திடக்கழிவு விதிகள் சொல்வதும் அதைத்தான்.

தோல் போட்ட டீ குடித்தால் எடை குறையுமா?

குறையாது. சர்க்கரை போடாமல் குடித்தால் வாசனையான வெந்நீர், அந்த அளவில் நல்லது. பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் தோலில் மட்டும் கவனம். கொழுப்பு, ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் அளவை உடம்பில் ஏற்றிவிடும் பொருள் அவற்றில் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைத்தோல் கொதிக்கவைத்த தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள், பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்து.

மாட்டுக்குப் போடலாமா?

முன்பு வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை இருந்தது, தோல் எல்லாம் அதில்தான் போகும். வாழைத்தோல், தர்பூசணித் தோல், பலாச் சடை எல்லாம் மாடு விரும்பித் தின்னும். கெட்டுப்போனதையும் பூசணம் பிடித்ததையும் போடாதீர்கள். கவரில் கட்டி வீசாதீர்கள், தயவுசெய்து. பிளாஸ்டிக்கோடு விழுங்கிய மாட்டின் வயிற்றில் அது கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும்.

தினமும் சேர்வது ஒரு கைப்பிடிதான். எப்படிச் சேர்த்து வைப்பது?

எலுமிச்சை மூடிகளை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பாத்திரம் தேய்க்கவும் குக்கருக்கும் வேண்டியபோது எடுக்கலாம், என்சைமுக்கு 300 கிராம் சேரும் வரையும் கெடாது. ஆரஞ்சும் மாதுளையும் உரித்த அன்றே வெயிலுக்குப் போகட்டும். வாழைத்தோலை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், அன்றன்றே மண்ணுக்குள் போட்டுவிடுங்கள்.